சவரிநாதனுக்கு நடக்காத ஆபரேஷன்

1

இந்தக் கதை எனக்கு வாழைத்தண்டாக வந்து சேர்ந்தது. ஸ்ரீரங்கத்தில் நான் இருக்கும் அடுக்குமாடியில் என்னுடையது கீழ்வீடு. ஒரு நாள் காலையில் இரண்டாம் மாடி சவரிநாதன் இறங்கிவந்து, "சார், வாழைத்தண்டு சாப்பிடுவீங்களா?" என்று கேட்டு, கை நீளத்துக்கு ஒரு தண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மறுநாள் மணத்தக்காளிக் கீரை வந்தது. அப்புறம் பார்லி, பப்பாளி, மறுபடியும் தண்டு. பொரியல், கூட்டு, மோர்ப்பச்சடி என்று எங்கள் வீட்டில் எதைத் திறந்தாலும் தண்டுதான். சும்மா வருகிற பொருளை ஏன், எதற்கு என்று கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் பல்லிடுக்கில் நார் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றபோது, மாடியேறிப் போய்க் கேட்டுவிட்டேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. வயிற்றைச் சுற்றி அகலமான பெல்ட், அதன்மேல் அணைத்துப் பிடித்த ஒரு தலையணை. "உள்ள வாங்க சார், காபி போடறேன்" என்றார். கர்ப்பப்பையை எடுத்து அப்போது அவருக்கு இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

(கர்ப்பப்பை. எழுதிவிட்டேன். முதல் வரைவில் இந்த இடத்தில் 'அந்த ஆபரேஷன்' என்று இருந்தது. இரண்டாவது வரைவில் 'பெண்களுக்கு வரும் ஒரு தொந்தரவு'. மூன்றாவதில் வெறும் மூன்று புள்ளிகள். கொலை, கொள்ளை, சாதிக்கலவரம் எல்லாம் எழுதிய பேனாதான், இந்த ஒரு சொல்லுக்கு வாசலிலேயே செருப்பைத் தேடிக்கொண்டு நின்றது.)

"உங்களைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"தாராளமா எழுதுங்க. பேரை மாத்திடுங்க. இன்னொண்ணு சார், என்னை அழ வைக்காதீங்க. இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ கதையில வந்தாலே ஜன்னலோரமா உக்காந்து அழுதுடுறா. எனக்கு அழுகையெல்லாம் வரலை. தூக்கம்தான் வருது."

சத்தியமாக அழ வைக்க மாட்டேன் என்றேன். பெயரையும் மாற்றிவிட்டேன், மேலே சவரிநாதன் என்று எழுதியிருப்பதும் மாற்றிய பெயர்தான். அம்மாவுக்கு லூர்துராணி என்று வைத்திருக்கிறேன். வாழைத்தண்டு வரைக்கும் நடந்தது. இனிமேல் வருவதெல்லாம் என் கைவேலை.

2

தொடக்கம் வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவதைப்போல, அன்று அவள் வாழ்க்கையும்—

அடித்துவிட்டேன். லூர்துராணி பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர். அவள் முக்கொம்புக்குப் போனதெல்லாம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டுபோய், தண்ணீரில் இறங்கியவர்களைக் காதைப் பிடித்துக் கரையேற்றத்தான். ஆறு எங்கே பிரிகிறது என்று நின்று பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

காலித் தொட்டிலைப் பார்த்தபடி அவள் நெடுநேரம்—

இதுவும் வேண்டாம். அந்த வீட்டில் தொட்டில் கிடையாது. ஒரே மகள் கேத்தரின் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஆபரேஷனுக்கு வந்து கூட இருந்துவிட்டு, லீவு முடிந்ததும் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அழுதது மகள்தான். அம்மா பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று விரட்டினாள்.

உண்மையில் லூர்துராணிக்குத் துக்கம் என்று ஒன்று இல்லை என்பதுதான் இந்தக் கதையின் பெரிய தலைவலி. இரண்டு வருஷமாக உதிரப்போக்கு. விளையாட்டு விழா நாளில் வெயிலில் நின்றுகொண்டு, எப்போது கறைபடுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தவள். கட்டி வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, "இப்பவே எடுத்துடுங்க டாக்டர், சாயந்தரம் எனக்கு த்ரோபால் மேட்ச் இருக்கு" என்று கேட்டவள். இவளை வைத்துக்கொண்டு எப்படி உருக்கமாக எழுதுவது?

ஆகவே மூன்றாவது தொடக்கம். இது நிற்கும் என்று நம்புகிறேன்.

தில்லை நகர் மருத்துவமனை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. லூர்துராணி தலையணையை வயிற்றோடு அணைத்தபடி ஏறி உட்கார்ந்தாள். சவரிநாதன் பைகளோடு பக்கத்தில் ஒடுங்கினார். காவிரிப் பாலம் வரை பிரச்சினை இல்லை. பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு ஆட்டோ தூக்கிப்போட்டது. தூக்கிப்போட்டபோதெல்லாம் லூர்துராணி, "யேசுவே" என்றாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "அம்மாவுக்கு என்னங்க சார்?"

சவரிநாதன் வாயைத் திறந்தார். மூடினார். ஆற்றைப் பார்த்தார். ஆற்றில் உதவிக்கு யாரும் இல்லை.

"பல்லு" என்றார்.

ஓட்டுநரின் பார்வை தலையணைக்கு இறங்கியது. "பல்லுங்களா?"

"கடவாப் பல்லுங்க."

ஓட்டுநர் நாக்கால் தன் பல் ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பாலம் முடிகிற இடத்தில், "எனக்கும் ஒண்ணு ஆடுது சார். புடுங்கவே வேணாம்னு இப்ப முடிவு பண்ணிட்டேன்" என்றார். லூர்துராணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தையல் சுண்டி இழுத்தது. வீடு போய்ச் சேரும்வரை சிரிப்பதும், வலியில் யேசுவைக் கூப்பிடுவதும், கணவரின் தொடையில் கிள்ளுவதுமாக வந்தாள்.

3

பொய் சொல்ல ஆரம்பித்தவர் ஒரே பொய்யோடு நின்றிருந்தால் எனக்குக் கதை கிடைத்திருக்காது. சவரிநாதனுக்கு மலைக்கோட்டைக் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுக்க ஆட்கள் வந்துபோகிற இடம். கேத்தரின் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவள் என்பதால், வருகிறவர்களுக்கெல்லாம் குடும்பமே தெரியும். "டீச்சருக்கு ஆபரேஷனாமே, என்ன சார்?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். அந்தந்த நேரத்துக்கு வாயில் எந்த உறுப்பு வந்ததோ அதைச் சொல்லிவைத்தார்.

பாத்திரக்கடை பிச்சமுத்துவிடம் சிறுநீரகக் கல் என்றார். பாலக்கரையில் இருக்கும் சொந்த அக்கா இருதயமேரியிடம்கூட வாய் வராமல் அல்சர் என்றார். எதிர்க்கடை ஆசீரிடம் பித்தப்பை. பால்காரரிடம் மறுபடி பல்.

"ஏங்க, எல்லாருக்கும் ஒரே பொய்யாவது சொல்லித் தொலைங்களேன்" என்றாள் லூர்துராணி.

"யாரு கேக்குறாங்கன்னு பாத்துதான் சொல்ல வருது ராணி. ஆம்பளைங்ககிட்ட எப்படி அதைப் போயி..."

"அக்கா ஆம்பளையா?"

"அக்காகிட்ட எப்படி?"

அவளாவது திருத்தியிருக்கலாம். முதலில் வேடிக்கையாக இருந்தது, விட்டுவிட்டாள். பிறகு திருத்தினால் புருஷன் பொய்யன் ஆகிவிடுவான் என்று விட்டாள். அதற்குள் வீடு நிறைய ஆட்கள்.

* ஆட்கள் வருவதைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு. ஒரு சொம்புத் தண்ணீருக்குமேல் தூக்கக்கூடாது, குனியக்கூடாது, அதிகம் நிற்கக்கூடாது, ஆறு வாரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோயாளியைப் பார்க்க வந்தவர் வாய் நனைக்காமல் போகக்கூடாது என்பது டாக்டர் படிப்பே இல்லாத காலத்திலிருந்து இருந்துவருகிறது. இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும். சவரிநாதன் காபி போட எழுந்தால், வந்தவர்கள் பதறி, "ஐயோ சார் நீங்களா! வேணாம், எங்களுக்கு ஒண்ணும் வேணாம்" என்பார்கள். லூர்துராணி எழுந்தால், "எதுக்குங்க டீச்சர் கஷ்டம்?" என்பார்கள். பிறகு, "சர்க்கரை கம்மியா" என்பார்கள்.

4

இந்தப் பகுதியில் பிச்சமுத்து வருகிறார். இவரை வெட்டிவிடலாம் என்று யோசித்தேன், மனசு வரவில்லை.

முசிறிப் பக்கம் வாழைத்தோட்டம் உள்ளவர். தோளில் இரண்டு தண்டுகளோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தனக்கும் போன வருஷம் கல் வந்த கதையை ஆரம்பம் முதல் சொன்னார். லூர்துராணி நின்றபடியே கேட்டாள். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க வேண்டுமே.

"கல்லு வெளியில வந்துருச்சாம்மா?"

"எடுத்தாச்சுண்ணே."

"எத்தாம் பெருசு இருந்துச்சு?"

மைதானத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளிடம் உண்மையைச் சொல், விட்டுவிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே பழகியவளுக்குச் சட்டென்று பொய் வரவில்லை. கட்டியைப் பற்றி டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். "சாத்துக்குடி அளவு இருந்துச்சாம்."

பிச்சமுத்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாத்துக்குடியா?"

"டாக்டர்தான் சொன்னாங்க."

"தாயே, எனக்கு வந்தது மிளகு அளவும்மா. அதுக்கே கடைக்குள்ள உருண்டேன், நாலு பேரு புடிச்சுத் தூக்குனாங்க. நீங்க சாத்துக்குடியை வெச்சுக்கிட்டா பிள்ளைங்களுக்கு டிரில் எடுத்தீங்க?" எழுந்து நின்று கும்பிட்டார். மறுநாள் தம்பியையும் மச்சானையும் கூட்டிவந்து, இவங்கதான் அவங்க என்று காட்டினார். அதற்கடுத்த நாள் கடைவீதியிலிருந்து அவளுக்கு முகம் தெரியாத மூன்று பேர் வந்தார்கள். எல்லோருக்கும் காபி.

இப்படியாக அவள் வயிற்றில் இருந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உரிய பத்தியம் அந்த வீட்டுக்கு வந்தது. நாத்தனார் இருதயமேரி கீரையை ஆய்ந்துகொண்டே, "காரத்தைக் குறை, காரத்தைக் குறைன்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?" என்று திட்டிவிட்டுப் போனார். லூர்துராணி, "இனிமே குறைச்சுக்கிறேன் அண்ணி" என்றாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடிவயிற்றில் பாரமாக ஏதோ இறங்கியது. அன்றைக்குத்தான் முதல்முதலாக அவளுக்குப் பயம் வந்தது. படுக்காவிட்டால் தையல் பிரிந்துவிடும். பிரிந்தால் மறுபடி தில்லை நகர், மறுபடி கத்தி.

5

இந்த இடத்தில் சவரிநாதனைப் பற்றி எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். இவர் கெட்டவரா?

கெட்டவராக ஒரு பக்கம் எழுதிப்பார்த்தேன். சுலபமாகத்தான் வந்தது. ஈஸிசேரில் உட்காரவைத்து, பேப்பர் படிக்கவைத்து, "ராணி, தண்ணி" என்று கூப்பிடவும் வைத்தேன். ஆனால் அந்த ஆள் அப்படி உட்கார மறுத்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் துணிகளைத் துவைத்தது அவர்தான். காலையில் பெல்ட்டைப் பூட்டிவிடுவது, தலை பின்னிவிடுவது, வெந்நீரில் துண்டை நனைத்து முதுகு துடைப்பது எல்லாம் அவர்தான். பின்னல் கோணலாக வந்தால் அவிழ்த்து மறுபடி போடுவார். அவர் கைகள் எதற்கும் கூச்சப்படவில்லை. கூச்சமெல்லாம் வாயில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கெட்டவனாக இருந்தால் அவளுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். நல்லவராக இருந்துகொண்டு படுத்தினால் என்ன செய்வது?

6

எதிர்வீட்டு வேதவல்லி மாமி இப்போது உள்ளே வரலாம். கோயில் கைங்கரியக் குடும்பம். வாசற்படியைத் தாண்டாமல் நின்று அவர்கள் பாஷையில் சாத்தமுது என்கிற ரசம் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, பெல்ட்டைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே லூர்துராணிக்குத் தெரிந்துவிட்டது.

"அதுதானே?" என்றார் மாமி மெதுவாக.

"அதுதான் மாமி."

"எனக்கும் ஆயிருக்கு. ஒருத்தருக்கும் தெரியாது. பத்ரிக்கு யாத்திரை போயிருக்கேன்னு சொல்லிட்டு, ஆத்துக்குள்ளயே இருந்தேன். அவர் கார்த்தால வெளியில பூட்டிண்டு கோயிலுக்குப் போயிடுவார். வரவாள்ளாம் பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிடுவா. ஆறு வாரமும் படுத்த படுக்கைதான். பரம சுகம்! கடைசியில பத்ரி பிரசாதம் கேட்டாளேன்னு கல்கண்டு வாங்கிக் குடுத்தேன்."

"பாவமில்லையா மாமி?"

"என்ன பாவம்? இந்த ஊர்ல பெருமாளே சயனத்துலதான் சேவை சாதிக்கறார். லோகமே வந்து சேவிச்சுட்டுப் போறது. யாராவது அவரை எழுப்பிக் காபி கேட்டாளா?"

மறுநாளே சவரிநாதன் பெரிய பூட்டு ஒன்று வாங்கிவந்தார். ஒரு சாவி அவரிடம், அவசரத்துக்கு ஒன்று மாமியிடம். காலையில் வெளியே பூட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

லூர்துராணி படுத்தாள். மின்விசிறி சுற்றியது. வெளியே காலடிச் சத்தம் வந்தது, பூட்டு ஆடியது, "எங்கயோ போயிருக்காங்க போல" என்று ஒரு குரல் சொன்னது, காலடிச் சத்தம் போய்விட்டது. கைப்பிடியில் தண்டு தொங்கவிட்டிருப்பார்கள். தொங்கட்டும். இத்தனை வருஷத்தில் பட்டப்பகலில், யாரும் கூப்பிடாமல், கால் நீட்டிப் படுத்த நாள் ஒன்றாவது உண்டா என்று யோசித்துப்பார்த்தாள். யோசித்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். தூங்கி எழுந்தபோது உடம்பு கொஞ்சம் தன்னுடையது மாதிரி இருந்தது.

(கதையை இங்கேயே முடித்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. அவள் தூங்குகிறாள், பூட்டு தொங்குகிறது, சுபம். ஆனால் தூங்குவதற்கு முன் ஒன்று அவளை உறுத்தியது. அதை மறைக்க எனக்கு மனம் இல்லை. மாமியும் 'அது' என்றார், அவளும் 'அது' என்றாள். டாக்டர் இங்கிலீஷில் சொன்னார், புருஷன் பல் என்றார். தன்னிடமிருந்து எதை எடுத்தார்கள் என்று இதுவரை ஒரு மனிதர்கூட அவள் காதுபட வாய்விட்டுச் சொல்லவில்லை.)

7

சவரிநாதன் சொன்ன பொய்களில் ஒன்று மட்டும் லூர்துராணிக்குத் தெரியாது.

தெருவாரியாக வீடுவீடாகக் கூடி ஜெபிக்கிற குழுவுக்கு அவர்கள் பங்கில், அதாவது சர்ச் வட்டாரத்தில், அன்பியம் என்று பெயர். அதன் தலைவர் அற்புதசாமி, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போனில், "என்ன ஆபரேஷன் சார்?" என்று கேட்டபோது, சவரிநாதன் மருந்துக்கடையில் பெல்ட் வாங்கிக்கொண்டிருந்தார். கண்முன்னால் பெட்டியில் ஹெர்னியா பெல்ட் என்று போட்டிருந்தது. "ஹெர்னியாங்க" என்று படித்துவிட்டார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, அற்புதசாமியும் கேட்கவில்லை. அற்புதசாமிக்கே இரண்டு பக்கமும் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. அது ஆம்பளைக்கு வருவது என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், சகோதரர் சவரிநாதனின் சுகத்துக்காக மன்றாடினார்கள். கடை இல்லாத அன்றைக்காவது மனைவியைத் தனியே விடக்கூடாது என்று சவரிநாதன் பூசைக்குப் போகவில்லை. போகாதது அவர் நோய்க்கு அத்தாட்சி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அன்பியம் முழுவதும் படியேறி வந்தது. மாமி கோயிலுக்குப் போயிருந்தார். கதவில் பூட்டு.

"பூட்டியிருக்கே" என்றாள் லிசி. பாட்டுப் பாடுகிறவள்.

"அப்ப திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்றார் அற்புதசாமி. "எனக்கு அப்பவே தெரியும். இந்த வயசுல தையல் தாங்காது. எல்லாரும் இங்கயே முழந்தாள் போடுங்க."

படியிலேயே மண்டியிட்டார்கள். மேல்படியில் இருந்தவர்களின் பாதம் கீழ்ப்படியில் இருந்தவர்களின் மூக்குக்கு நேராக இருந்தது. லிசி பாடினாள். உள்ளே கட்டிலில் லூர்துராணி கண்விழித்தாள்.

"ஆண்டவரே, உம் மகன் சவரிநாதனைப் பாரும். அவருடைய குடலை உமது திருக்கரத்தால் பிடித்துக்கொள்ளும். அது மறுபடியும் இறங்காதபடி காத்தருளும்."

"காத்தருளும்."

லூர்துராணி தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு வாயைப் பொத்தினாள். சிரிப்பு கட்டில்வரை குலுக்கியது. அவர் குடலுக்காக இவ்வளவு பேரா!

"அவர் மனைவி லூர்துராணியையும் நினைவுகூரும். கணவரைக் கவனித்துக்கொள்ள அவருக்குப் பலத்தைத் தாரும். அவர் சோர்ந்துவிடாமல், படுத்துவிடாமல், ஓடியோடிப் பணிவிடை செய்ய அவருடைய உடம்புக்கு நல்ல சுகத்தைத் தாரும் சுவாமி."

"தாரும் சுவாமி" என்றார்கள் எல்லோரும், உருக்கமாக.

சிரிப்பு நின்றது.

இப்போது நான் ஒரு நெருக்கடியில் இருக்கிறேன். அவளை அழ வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இந்த வரிக்கு வந்ததும் அவள் அழுதுவிட்டாள். வேறு மாதிரி எழுதிப்பார்த்தேன்: கோபப்படவைத்தேன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கவைத்தேன், மாதா படத்தைப் பார்த்து முறைக்கவைத்தேன். எப்படி எழுதினாலும் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. போன கர்ப்பப்பைக்காக அழவில்லை. அது போனதில் அவளுக்கு நிம்மதிதான். அத்தனை பேர் கல்படியில் முழங்கால் நோகக் கேட்கிறார்கள், அந்த வேண்டுதலில் ஒரு வார்த்தைகூடத் தன் நோவுக்கு இல்லையே என்று அழுதாள். வெட்டுப்பட்டது நான் என்று யாருக்குமே தெரியாமல் போய்விடுமா என்று அழுதாள். மன்னிக்க வேண்டும் அம்மா, நான் தடுத்துப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் சவரிநாதன் கடையிலிருந்து திரும்பினார். லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. தோளில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையோடு, மூச்சு வாங்கியபடி, அன்பியத்துக்கு நடுவே ஏறி வந்தார்.

ஒருவரும் அசையவில்லை.

"சார்!" என்றார் அற்புதசாமி. "மூட்டை..."

"அரிசிங்க" என்றார் சவரிநாதன்.

"அல்லேலூயா!" என்று கத்திவிட்டாள் லிசி. ஜெபம் முடியுமுன்னே சுகம் கிடைத்துவிட்டது! ஒருவர் அவர் காலைத் தொட்டார். ஒருவர் போனில் படமெடுத்தார். அற்புதசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "சார், எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்லுங்க. ஆண்டவர் உங்களுக்கு என்ன செஞ்சார்னு உங்க வாயால சொல்லுங்க" என்றார்.

சவரிநாதன் ஒரு கையில் சாவியோடு பூட்டின் முன்னால் நின்றார்.

8

முடிவுகள்.

ஒன்று. சவரிநாதன் தலையாட்டிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சாட்சி சொல்கிறார். வயிற்றைக் காட்டச் சொல்கிறார்கள், காட்டுகிறார், தழும்புகூட இல்லை. அற்புதம் இன்னும் பெரிதாகிறது. பிச்சமுத்து சாத்துக்குடிக் கல் அம்மாவின் புருஷனைப் பார்க்க வேன் பிடித்து ஆட்களோடு வருகிறார். இதைத்தான் முதலில் எழுதினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவள் ஞாபகம் வந்தது, காகிதத்தை மடித்துவைத்துவிட்டேன்.

இரண்டு. லூர்துராணி உள்ளிருந்து கத்துகிறாள். மைக் இல்லாமலே மைதானத்தின் கடைசி வரிசையைத் திரும்பவைக்கிற குரல் அவளுக்கு உண்டு. "ஆபரேஷன் எனக்குய்யா!" படிக்கட்டே அதிரும். கைதட்டல் கிடைக்கிற முடிவு. ஆனால் அந்தக் குரல் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், தையல் தாங்காது. அதுவும்போக, வெட்டுப்பட்டவளே எழுந்துவந்து இதையும் சரிசெய்ய வேண்டும் என்றால், அது இன்னொரு முறை அவளைக் காபி போடச் சொல்வதுதான்.

மூன்று. சவரிநாதன் சொல்கிறார். எனக்கு வேண்டியது இது. மூட்டையை இறக்கிவைக்கச் செய்தேன். அற்புதசாமியின் கண்ணைப் பார்க்கச் செய்தேன்.

"ஆபரேஷன் எனக்கு இல்லைங்க" என்கிறார்.

போனில் படமெடுத்தவர் போனைக் கீழே இறக்குகிறார்.

"ராணிக்குங்க. உள்ளதான் படுத்திருக்கா. அவளோட—"

அங்கே நிற்கிறார். உதட்டை நனைத்துக்கொள்கிறார். "அவளோட—" மறுபடி நிற்கிறார். எத்தனை விதமாக எழுதினாலும் அந்த மனிதர் இந்த இடம் வரைதான் வருகிறார். இதுவே அவருக்கு ஒரு மலை ஏறிய மாதிரி. அதை நான் மதிக்கிறேன். உள்ளே லூர்துராணி முகத்தைத் துடைக்கவும் மறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். அடுத்த சொல் பல்லாக இருக்குமோ, குடலாக இருக்குமோ என்று அவளுக்குப் பயம். அந்த ஒரு சொல் மட்டும் சரியாக வந்துவிட்டால், இந்தப் படியில் இருப்பவர்கள் திரும்பவும் முழந்தாள் போடுவார்கள், இந்தத் தடவை அவளுக்காக. பிறகு அவள் வெளியே பூட்டு இல்லாமலே தூங்கலாம்.

நான் சொல்லிக்கொடுக்கலாமே என்பீர்கள். என்னிடம் இருப்பது எழுத்துதான். எழுதியது கதவைத் தாண்டி உள்ளே கேட்காது. குரல் உங்களிடம் இருக்கிறது.

ஆகவே அவருக்குப் பதிலாக அந்தச் சொல்லை நீங்கள் சொல்லுங்கள். மனசுக்குள் இல்லை, வாயைத் திறந்து. இதை ஹாலில் உட்கார்ந்து படிக்கிறீர்களோ, பஸ்ஸில் படிக்கிறீர்களோ, பக்கத்தில் யாராவது இருப்பார்கள். அப்பா, மாமனார், வளர்ந்த பையன், டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர். சட்டென்று திரும்பி, "என்ன சொன்னீங்க?" என்பார்கள். ஒன்றுமில்லை, ஏதோ கதை என்று சொல்லிச் சமாளிக்கத் தோன்றும். சவரிநாதன் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். நடுவில் ஒரு கதவு இருக்கிறது.